தானாய் வந்த தண்ணி

அந்தப் பாட்டிலை மட்டும் பிடுங்காதீங்க சார். பிளாஸ்டிக்கை மலைக்கு விட மாட்டீங்க, தெரியும். ஃபாரஸ்ட் செக்போஸ்ட் சுவரிலேயே பெரிசா எழுதி வெச்சிருக்கீங்க. ஆனால் அதில் இருக்கிறது கடைத் தண்ணி இல்லை. என்ற போர்த் தண்ணி. நான் போட்ட போர்வெல். வேணும்னா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. சும்மா குடிங்க, ஒண்ணும் ஆகாது.

எப்படி இருக்கு? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. அது சரிதான். நல்ல தண்ணியைக் குடிச்சவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். உப்புத் தண்ணியைக் குடிச்சவன்தான் ஒரு மணி நேரம் பேசுவான்.

சாக்கைப் பார்க்கறீங்களா? நானே அவிழ்த்துக் காட்டிடறேன். ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இது இரும்பு மூடி, இதெல்லாம் அதோட போல்ட்டு. இது சிமெண்டு. இந்தப் பொட்டலம் களிமண். இது கட்டை, வேலமரக் கட்டை, எங்க ஊரில் வெட்டினது. எல்லோரும் காட்டிலிருந்து மரம் கடத்துவாங்க, நான் காட்டுக்கு மரம் கொண்டு போறேன். அதுக்கு ஏதாவது சட்டம் இருந்தால் சொல்லிடுங்க. பம்பரம் மாதிரிச் செதுக்கியிருக்கேன், பார்த்தீங்களா? நுனி சிறுத்து, மேலே பெருத்து. சுத்தியிருக்கிறது லாரி டியூபு. போருக்குள் இறக்கிச் சம்மட்டியால் நாலு போடு போட்டால் சப்பென்று உட்கார்ந்துக்கும். ஒரு சொட்டு கக்காது.

என்ன காரியமா மேலே போறேன்னுதானே உங்களுக்குத் தெரியணும்? என்ற போரை நானே மூடப் போறேன் சார். அவ்வளவுதான் விஷயம்.

அவசரந்தாங்க. இருட்டினால் டூவீலரை விட மாட்டீங்க. மலை உச்சியில் மேகம் வந்து குந்தியிருக்கிறதும் தெரியுது. மழை இறங்குறதுக்கு முன்னால் மூடியாகணும்னு மேலே இருக்கிற எங்க அக்கா சொல்லியிருக்கிறாள். சுருக்கமாச் சொல்லிட்டுக் கிளம்பிடறேன்.

என்ற பேரு செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டுப் பக்கம். அப்படின்னாலே புரிஞ்சிருக்கும். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் போர் போடற ரிக் வண்டியில் இருப்பான். நான் டிரில்லர். ராஜஸ்தானில் போட்டிருக்கேன், ஒடிசாவில் போட்டிருக்கேன், விதர்பாவில் ஒரு வருஷம் பூராவும் போட்டிருக்கேன். பள்ளிக்கூடத்தில் ஒண்ணும் படிக்கலை. பாறையைச் சத்தத்திலேயே படிக்கக் கத்துக்கிட்டேன். துளைக்கிற பிட்டு கீழே எதைக் கடிக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். கம்ப்ரசர் சத்தம் இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்குப் போனால் ராத்திரி பூராவும் எழுந்து எழுந்து நடந்துக்கிட்டிருப்பேன். சம்சாரம் திட்டுவாள்.

தொழில் தெரியும். ஆனால் தண்ணி மட்டும் என்ற கைக்கு வராது. அதுதான் ஆச்சரியம்.

நீங்க போர் போடறதைப் பார்த்திருக்கீங்களா? பிட்டு பாறையை உடைக்க உடைக்க, உள்ளே அனுப்புற காத்து அந்தத் தூளை மேலே ஊதித் தள்ளும். பாறை காய்ஞ்சிருந்தால் புகை மாதிரி வெள்ளையாய்ப் பறக்கும். தண்ணி பட்டால் புகை அடங்கும். அடங்கிச் சேறு வரும், சேறு போய்த் தண்ணி வரும். தோட்டத்துக்காரர் குடும்பத்தோட வந்து சுத்தி நின்னுக்குவார். புகை அடங்குதா, அடங்குதான்னு பார்த்துட்டே நிப்பாங்க. என்ற வண்டியில் அது அடங்கவே அடங்காது. கடைசியில் தலையெல்லாம் வெள்ளையாய், ஒவ்வொருத்தராய் வீட்டுக்குப் போவாங்க. நாங்க ராடைக் கழட்டிட்டு இருப்போம். அந்த நேரத்தில் அவிய மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுங்க. நான் ராடைத்தான் பார்ப்பேன்.

புகைச் செங்கோடன். அதுதான் தொழிலில் எனக்குப் பேரு. "புகை வருது, மூக்குக்குத் துணி கட்டிக்கங்கடா" என்பானுக நான் டீக்கடைக்குள் நுழைந்தால். நானும் சிரிச்சுட்டு உட்காருவேன். சிரிக்காமல் என்ன பண்றது?

எங்க அக்கா பாவாயி மேலே தாழக்கரை எஸ்டேட்டில் இருக்கிறாள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். அன்னைக்கிலிருந்து தேயிலைக் கொழுந்துதான் பறிக்கிறாள். மச்சான் தவறிட்டார். இந்த வருஷத்தோட அவளுக்கும் வேலை முடியுது. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணிட்டு மகன் கூடத் திருப்பூர் போயிடுவாள். போறவளுக்கு எதுக்குங்க இந்த வம்பெல்லாம்? அதைத்தான் நான் கேக்கறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாசம். எஸ்டேட் பழைய பங்களாவை விருந்தாளிகள் தங்குற இடமாய் மாத்தினாங்க. வெயில் காலத்துக்குத் தண்ணி வேணும்னு மேனேஜர் போர் போட ஆள் தேடியிருக்கிறார். அக்கா நடுவில் புகுந்து, "என்ற தம்பி இருக்கறானுங்க" என்று சொல்லிட்டாள். அவள்தான் சொன்னாள், நல்லாக் கேட்டுக்குங்க. நானாய்ப் போகலை. எஸ்டேட் சொந்த நிலம், அனுமதி எல்லாம் மேனேஜர் பார்த்துக்கிட்டார். அதைப் பத்தி என்னைக் கேக்காதீங்க சார், எனக்குத் தெரியாது.

நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ரிக்கைத் திருப்பி மேலே கொண்டு போனதே தனிக் கதை. பங்களா பக்கத்தில்தான் போர் போடச் சொன்னார். அங்கே போற செம்மண் மேட்டில் வண்டி ஏறலை. டயர் சுத்துது, ஏறலை. கீழே, லைன் வீடுகளுக்கும் சோலைக் காட்டுக்கும் நடுவில் கொஞ்சம் சமதரை. வண்டி அங்கே நின்றது. நின்ற இடத்திலேயே போட்டோம். நீரோட்டம் பார்க்கலை, தேங்காய் வைக்கலை. ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கற்பூரம். ஆரம்பிச்சோம்.

மேலே இலை மக்கின மண். அப்புறம் செம்மண். அப்புறம் பாறை வரணும், வரலை. மக்கின பாறைதான் வருது, ஈர நாட்டுச்சர்க்கரை மாதிரி. போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது. எங்க ஊரில் இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததே இல்லை. அப்போதான் சுக்ராம் என்னைக் கூப்பிட்டான். என்ற கூட வேலை செய்யறவன், சத்தீஸ்கர்க்காரன். கையில் எதையோ வெச்சுக்கிட்டு நின்றான்.

வேர் சார். சேத்தோட வந்திருக்கு. வெள்ளை வெளேர்னு, நூல் நூலாய், உயிரோட. ரெண்டு பனைமர ஆழத்துக்குக் கீழே இருந்து. காய்ஞ்ச பூமியில் கருவேலங்கூட அவ்வளவு கீழே இறங்கி நான் கண்டதில்லை. சுக்ராம் அதை மோந்து பார்த்துட்டு, "மரம் இங்கே வரைக்கும் வந்து என்ன பண்ணுது?" என்று அவன் பாஷையில் கேட்டான். "பைத்தியக்கார மரம்டா. மேலே இவ்வளவு மழை பெய்யற ஊரில் இங்கே வந்து எதைத் தேடுது" என்று சொல்லித் தூக்கி எறிஞ்சேன். எல்லோரும் சிரிச்சோம்.

அதுக்கப்புறம் ஒரு இறுகின களி. அதைத் தாண்டிப் பாறை. பாறையில் ஒரு விரிசல். பிட்டு சட்டென்று ஒரு முழம் நழுவினது எனக்குக் கையிலேயே தெரிஞ்சுது.

கம்ப்ரசரை நிறுத்தினேன். நிறுத்தினால் எல்லாம் அடங்கணும். காத்து நின்னால் தண்ணியும் நின்னுடணும், அதுதான் வழக்கம். இது நிக்கலை. அந்த அமைதியில், மோட்டாரில்லை, காத்தில்லை, ஒண்ணுமில்லை, குழாய்க்குள்ளிருந்து தானாய் ஏறி வந்தது. முதலில் கலங்கல். அப்புறம் தெளிஞ்சு, கேசிங் பைப்புக்கு மேலே, என்ற நெஞ்சு உசரத்துக்கு எழும்பிக் குடை மாதிரி விரிஞ்சு விழுந்தது. உள்ளங்கையை வெச்சுப் பார்த்தேன். கன்னுக்குட்டி நெத்தியால் முட்டுமே, அப்படி முட்டியது.

லைன் ஆளுங்க எல்லாம் ஓடி வந்தாங்க. அக்கா கொழுந்துக் கூடையை முதுகோட வெச்சுக்கிட்டே வந்தாள். என்ற முதுகில் ஒரு அடி வெச்சாள். "புகைன்னாங்க, இப்ப வந்து பார்க்கச் சொல்லுடா அவனுகளை." அவள் கண்ணில் தண்ணி. எனக்கும்தான். போரில் தெறிச்சதுன்னு நினைச்சுக்குவாங்கன்னு துடைக்கலை.

இங்கேதான் ஒரு விஷயம். எங்க தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருக்குதுங்க. தானாய்ப் பொங்கி வர்ற போருக்கு டிரில்லர் மூடி போடக் கூடாது. போட விடவும் கூடாது. போட்டால் அந்தக் கைக்கு அப்புறம் சாகிற வரைக்கும் புகைதான். எனக்குத் தொழில் காட்டினவங்க சொன்னது. அவங்களுக்கு எவன் சொன்னானோ. மேனேஜர் ஒரு வால்வு மாட்டிடலாம், வேணுங்கிறப்போ திறந்துக்கலாம் என்றார். நான் ஒரே பிடியாய் நின்னுட்டேன். போர் வாயில் கற்பூரத்தை வெச்சு, என்ற சம்மதம் இல்லாமல் யாரும் இதை மூடறதில்லைன்னு எல்லோரையும் சத்தியம் பண்ண வெச்சேன். மேனேஜரும் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினார். அக்காவும் பண்ணினாள்.

பங்களாவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்க. மிச்சமெல்லாம் பள்ளத்தில் இறங்கி ஓடைக்குப் போயிடும். பகலும் ராத்திரியும். யார் தடுத்தா? வீடியோ எடுத்துப் போனில் வெச்சிருக்கேன், இருங்க காட்டறேன். பார்த்தீங்களா? இது நான். இந்த ஈரத் தலையோட நிக்கிறது. இதைக் காட்டினதுக்கப்புறம் டீக்கடையில் எவனும் மூக்குக்குத் துணி கட்டலை. எழுந்து இடங்கூடக் கொடுத்தானுக.

அதுக்கப்புறம் கைராசி வந்துடுச்சு சார். போட்ட போரெல்லாம்... சரி, எல்லாம்னு சொல்ல முடியாது. போன வருஷம் தர்மபுரியில் போட்டது புகை. அதுக்கடுத்ததும் புகை. அதெல்லாம் பாறையோட தப்பு. எவன் போட்டாலும் அங்கே அப்படித்தான். ஆனால் புகை பறக்கும்போது முன்னே மாதிரி நான் ராடையே பார்த்துக்கிட்டு நிக்கலை. மேலே ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குது, எனக்காக ஓடிக்கிட்டிருக்குதுன்னு நினைச்சுக்குவேன். தூக்கங்கூட வந்தது.

இந்தப் பங்குனியில் அதைப் பார்க்கலாம்னு போனேன். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டவன் பார்க்கப் போவானே, அப்படி. வடையெல்லாம் வாங்கிக்கிட்டு. போருக்கு இல்லை, அக்காவுக்கு.

எனக்கு அந்தத் தடவை இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க. முந்தியெல்லாம் சோலை ஓரமாய் நடந்தால் அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். இந்தத் தடவை ஒரு அட்டை இல்லை. தவளை கத்திக் கத்திக் காதைக் கிழிக்கும். அதுவும் இல்லை. கப்புச்சிப்புன்னு இருந்தது. அந்தச் சோலைக்குள்ளே நடுப்பகலிலும் இருட்டாய்க் கிடக்கும், எனக்கு மூச்சு முட்டும். இப்போ நல்லா வெயில் இறங்குது. மேலே பார்த்தால் வானம் தெரியுது. கீழே காய்ஞ்ச சருகு, கால் வெச்சால் நொறுங்குது. அக்காகிட்ட சந்தோஷமாய்ச் சொன்னேன், "இப்பத்தான்க்கா பார்க்க எங்க ஊரு மாதிரி இருக்குது."

அவள் அடுப்பில் என்னமோ கிண்டிக்கிட்டிருந்தாள். கரண்டி நின்னுடுச்சு. "அதையேதாண்டா நானும் நினைச்சேன்" என்றாள்.

அப்படியே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாள். சோலை ஓரத்தில் லைன்காரங்களுக்கு ஒரு ஊத்து உண்டு. பாறை இடுக்கில் கசிஞ்சு ஒரு கல் தொட்டியில் விழும். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அது நின்னதில்லையாம். இப்போ தொட்டிக்குள் ஒரு அரணை ஓடுது. "இதைப் பாரு" என்றாள். பார்த்தேன். "அதான் என்ற போரிலிருந்து மேனேஜர் வாசலுக்கே குழாய் போட்டுக் கொடுத்திருக்கறாரே. உனக்கு இன்னும் என்ன வேணும்?" என்றேன். நியாயமான கேள்விதானே?

அவள் மேலே கை காட்டினாள். வெடிப்பலா மரம். பெரிசு. அடிமரத்திலேயே பூக்கும், முள்ளு முள்ளாய்க் காய்க்கும். சிங்கவால் குரங்குக்கு அதுதான் சாப்பாடு. இந்த வருஷம் பூத்தது பூராவும் கொட்டிப் போச்சாம், பிஞ்சே பிடிக்கலை. குரங்குக லைனுக்குள் வந்து அக்காவோட சோத்துப் பானையையே தூக்கிட்டுப் போயிருக்குது. மேல் கிளையெல்லாம் மொட்டை. பத்தடிக்கு ஒரு மரம் அப்படி நின்னது. "மழை நின்னு நாலு மாசம் ஆனாலும் இந்தச் சோலை ஒரு நாளும் இப்படிக் காயாதுடா. இதெல்லாம் ஆனிக் காத்துக்கு முறிஞ்சு விழுந்தா எங்க கூரை மேலதான் விழும்" என்றாள்.

"வெயில் காலத்தில் மரம் காயாமல் என்னக்கா பண்ணும்? எங்க ஊரில் காயுதில்ல?"

"உங்க ஊரு மரம் காயும். இது காயாது."

"இத்தனை நாளும் பனியைக் குடிச்சிருக்கும்."

"பனி இப்பவும் பெய்யுதே. அப்புறம் ஏன் காயுது?"

வாயாடுவாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மேனேஜரும் வந்து சேர்ந்தார். அவர் ரெண்டு பேரை எங்கிருந்தோ கூட்டி வந்து, சோலைக்குள் ஒல்லிக் குழாயாய் நட்டு வெச்சு அடித்தண்ணி மட்டம் பார்த்திருக்கிறார். "செங்கோட்டுவேல், மழைக் காலத்துல இந்த மலை குடிச்சு வெச்சுக்கும். வெயில் காலத்துல அடியில இருக்கற அந்தத் தண்ணியைத்தான் மரமெல்லாம் வேரால எடுக்குது. மிச்சம் ஊத்துல வருது. எல்லாம் ஒரே தண்ணி. நீங்க அடியில திறந்து விட்டுட்டீங்க. சத்தியம் பண்ணிட்டதால மூடறதுக்கு நீங்கதான் சம்மதிக்கணும்" என்றார்.

நான் கேட்டேன், "ஆறரை இஞ்சு ஓட்டைங்க. அது எப்படிங்க ஒரு மலையைக் காலி பண்ணும்?"

அவர் பதில் சொல்றதுக்குள் அக்கா முந்திக்கிட்டாள். "குழாயைத் திருகாம விட்டுட்டு ஊருக்குப் போனா தொட்டியில என்னடா மிஞ்சும்?"

தண்ணியில் பேரா எழுதியிருக்கு, இது மரத்துது, இது ஊத்துது, இது செங்கோடனுதுன்னு? எல்லாம் பொறாமை சார். என்ற கைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. அது பொறுக்கலை. கூடப் பிறந்தவளுக்கே பொறுக்கலை. இலையில் சோறு போட்டு வெச்சிருந்தாள். சாப்பிடாமல் பஸ் ஏறிட்டேன். அவள் கையால் சாப்பிடாமல் வந்தது அன்னைக்குத்தான்.

அதோட விட்டிருக்கலாமில்ல? விடலை. அவள் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

சித்திரையில் மேனேஜர் போன் பண்ணினார். அக்காவுக்குக் கை முறிஞ்சுடுச்சு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார். எப்படின்னு கேட்டால் தயங்கித் தயங்கிச் சொல்றார். வாழைத்தண்டை வெட்டி, பழைய சேலையைச் சுத்தி, லைன் பொம்பளைக நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் என்ற போர் வாயில் அடைச்சிருக்கிறாள். அடைச்சு மேலே கல்லைத் தூக்கி வெச்சிருக்கிறாள். என்ற போரை. என்னைக் கேக்காமல். கற்பூரத்தில் அடிச்சுச் சத்தியம் பண்ணின அதே கை.

ரெண்டு மூணு நாள் தாங்கியிருக்குது. அதுக்குள் அந்த ஊத்து பாறை இடுக்கில் ஈரம் கண்டு, தொட்டியில் கொஞ்சம் கசிஞ்சதாம். மேனேஜர் சொன்னார். நான் பார்க்கலை, பார்க்காததை நான் ஏன் நம்பணும்? அப்புறம் வாழைத்தண்டு அழுகி நழுவியிருக்குது. இவள் விடாமல் மேலே ஏறி மிதிச்சிருக்கிறாள். தண்ணி ஒரே உதை. தண்டு, கல், இவள், எல்லாம் பள்ளத்தில். தண்ணிக்கு அக்கா தெரியுமா, தம்பி தெரியுமா?

கோபத்தோடதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அது கொழுந்து பறிக்கிற கைங்க. "சத்தியம் பண்ணிட்டு எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். அதுக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நீ மூடினா உன்ற கைக்குத்தானே ஆகாது? நான் மூடினா என்னடா? நான் என்ன டிரில்லரா? புகை வர்றதுன்னா என்ற கைக்கு வந்துட்டுப் போகுது. நான் பறிக்கறது கொழுந்து. அதுக்குள்ள என்ன புகை?"

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க. சட்டம் பேசறாள். என்னைக் கேட்டால் நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சு, எனக்குத் தெரியாமலே, என்ற கையை இதில் படாமலே...

கொஞ்சம் இருங்க. மூஞ்சியைத் துடைச்சுக்கறேன். மலைக்காத்து எனக்கு ஆகாது.

கிளம்பும்போது சொன்னாள், "என்னால முடிஞ்சதைப் பார்த்துட்டேன், முடியல. இனி நீதான் வரோணும். நான் இந்த மலையை விட்டுப் போறதுக்குள்ள அது நான் வந்தப்ப இருந்த மாதிரி ஆகாதுன்னு தெரியும். ஆகத் தொடங்கினா போதும். மழைக்கு முன்னால மூடினீன்னா இந்த மழையாவது உள்ள தங்கும்." அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாள். சாப்பிட்டயான்னு கேக்கலை சார். எந்தச் சண்டையிலும் அதைக் கேட்டுடுவாள். அன்னைக்குக் கேக்கலை.

அன்னைக்கிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கம்ப்ரசர் ஓடும்போதும் வரலை. கண்ணை மூடினால் அந்த வேர் வருது. சுக்ராம் கையில் இருந்ததே, வெள்ளை வேர். அவன் கேட்டது காதில் கேக்குது. இங்கே வரைக்கும் வந்து என்ன பண்ணுது, என்ன பண்ணுதுன்னு. என்ன பண்ணும், தண்ணி... விடுங்க. வேர்னா அங்கே இங்கே போகத்தான் செய்யும். அதுக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியுமா?

நான் ஒரு கணக்குச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது போரைப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அந்தப் பாட்டில் தண்ணி அன்னைக்குப் பிடிச்சதுதான். முந்தி நெஞ்சு உசரம் எழும்பினது, இப்போ குழாய் விளிம்பைத் தாண்டி வழியறதோட சரி. கையை வெச்சால் முட்டலை. சும்மா நக்குது. அதுவே தளர்ந்துக்கிட்டு வருதுங்க. இன்னும் ஒரு வெயில் காலம் விட்டால் தானாய் நின்னுடும். தானாய் வந்தது தானாய் நிக்கட்டுமே. அப்போ நான் மூடின பாவமும் இல்லை, அக்கா கேட்டதும் நடந்துடும். ஒரு வருஷம் பொறுக்க மாட்டாங்களா?

ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க?

ஆமாம். அது நிக்கறதுக்குள் சோலையோட உயிர் நின்னுடும். அக்காவும் இதைத்தான் சொல்லுவாள்னு தெரிஞ்சுதான் அவகிட்ட இதைச் சொல்லலை.

சரி, வேற மாதிரிச் சொல்றேன். நீங்க இப்போ கேட்டைப் போட்டுட்டீங்கன்னா நான் என்ன பண்ண முடியும்? உங்க கடமை நீங்க பண்றீங்க. பிளாஸ்டிக் பாட்டில், சிமெண்டு, மரக்கட்டை, திரும்பிப் போடான்னு சொல்ல உங்களுக்குக் காரணமா இல்லை? நான் போயிடுவேன். சண்டை போட மாட்டேன். "வந்தேன்க்கா, செக்போஸ்ட்டில் விடலை"ன்னு அக்காகிட்ட சொல்லிடுவேன். உங்க பேரைக் கூடச் சொல்ல மாட்டேன். அதுக்குள் மழை பிடிச்சுக்கும், அப்புறம் போருக்குப் பக்கத்திலேயே போக முடியாது, அடுத்த தைக்குப் பார்த்துக்கலாம்னு ஆயிடும்.

கையில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது. உங்களுக்கும் விழுந்துச்சா?

வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை சார். சிமெண்டு கொண்டு போறேன், மணல் அங்கே இருக்கும், குழைக்கத் தண்ணிக்கு என்ன பண்றதுன்னு. தண்ணி அங்கேதானே இருக்குது. அதோட தண்ணியிலேயே குழைச்சு அதோட வாயிலேயே போடணும். உடுமலை தாண்டி இது தோணிச்சு. வண்டியை ஓரமாய் நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இவ்வளவு லேட்டு. இல்லேன்னா மத்தியானமே வந்திருப்பேன்.

என்ன சொன்னீங்க? சாக்கை நீங்க கேக்கவே இல்லையா? பாட்டிலை மட்டுந்தானா?

கேட் கம்பமா? அட. தூக்கித்தான் இருக்குது. எப்போ தூக்கினீங்க? நான் வந்து நின்னப்போவேவா? அப்போ இவ்வளவு நேரமா நான்... சொல்லியிருக்கலாமில்ல சார்? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கேன், பின்னால் ரெண்டு வண்டி கூடப் போச்சே, என்ன ஏதுன்னு பார்க்கலை.

சரி. சாக்கைக் கட்டிக்கறேன். இந்த நுனியைச் சித்தெ பிடிங்க.

பாட்டில் உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லை, அந்தக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க. மூடியைத் திறந்து, அந்த மரம் இருக்குதில்ல, உங்க ரூமுக்குப் பக்கத்தில், அதுக்கு ஊத்திட்டு அப்புறம் போடுங்க. மெதுவா ஊத்துங்க. வேகமா ஊத்தினால் மேலேயே ஓடிடும், உள்ளே இறங்கணும்.

ஒரு உதவி சார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி விடறீங்களா? நல்ல வண்டிதான், கீழே சமதரையில் எல்லாம் உதைச்ச உடனே கிளம்பிடும். மேடுன்னால்தான் யோசிக்குது.

இன்னும் கொஞ்சம். தள்ளுங்க.